ஆட்டுப்பட்டிக்குச் சோலார் மின்வேலி: ஒரு கோடையும் ஒரு மழையும் பார்த்த பிறகு

வேலிக்கம்பிக்கு மின்சாரத்தைத் துடிப்பாக அனுப்புகிற பெட்டியான மெஷினுக்கு நல்ல பெயர் கொடுக்கிறேன். அதைக் கொண்டுவந்து பொருத்திவிட்டுப் போன நிறுவனத்துக்குக் கொடுக்க மாட்டேன். வேலூர் மாவட்டம் கணியம்பாடி ஒன்றியத்தில், அமிர்திக் காட்டுக்குக் கீழே இருக்கிற எங்கள் 60 சென்ட் பட்டியைச் சுற்றி இந்த வேலி நிற்கிறது. விற்பவர்கள் பெட்டியைக் காட்டித்தான் விலை பேசுகிறார்கள். ஆனால் நாயை நிறுத்துவது தரையிலிருந்து முதல் ஒன்றரை அடியும், மண்ணுக்குள் இறங்கும் எர்த் கம்பியும்தான். அவர்கள் கொடுத்த விலைப்பட்டியலில் இந்த இரண்டைப் பற்றியும் ஒரு வரி கிடையாது.

எங்களிடம் வெள்ளாடும் செம்மறியுமாக நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கின்றன. வீட்டுக்காரர் ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்தில் இது பெரிய செய்தி அல்ல. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். ஆடு என் பாடு, கம்பி அவர் பாடு என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். அதனால் இந்த விமர்சனத்தில் ஆட்டைப் பற்றிய பேச்சு என்னுடையது, வோல்ட் கணக்கு அவருடையது. சண்டை இரண்டு பேருடையதும்.

முதலில், எதிரி யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். வேலி விற்க வருகிறவர்கள் சிறுத்தையைச் சொல்லித்தான் பயமுறுத்துகிறார்கள். பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2024 டிசம்பரில் கே.வி.குப்பம் பக்கம் துருகத்தில் ஒரு இளம்பெண்ணைச் சிறுத்தை கொன்ற பிறகு, மாலை ஆனால் பிள்ளைகளை வெளியே விடவே இந்த மாவட்டத்தில் மலையோர ஊர்களில் தயங்குகிறார்கள். ஆனால் எங்கள் பட்டியில் செத்த ஆடுகளைப் பார்த்தால் அதில் சிறுத்தையின் வேலை எதுவும் இல்லை. சிறுத்தை தொண்டையைக் கவ்வும், பெரும்பாலும் ஒன்றை எடுக்கும், இழுத்துக்கொண்டு போய்விடும். நாய்க்கூட்டம் அப்படி இல்லை. பின்னங்காலைக் கிழிக்கும், மடியைக் கிழிக்கும், காதைப் பிய்க்கும். ஐந்தாறை வீழ்த்திவிட்டு ஒன்றையும் முழுதாகத் தின்னாமல் போகும். காலையில் பட்டிக்குள் நுழைந்தவுடன் காயம் எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே யார் வந்தது என்று தெரிந்துவிடும். நரி வருவது உண்டு, ஆனால் பிறந்து சில நாளான ஆட்டுக்குட்டியைத் தூக்குவதோடு அது நின்றுகொள்கிறது.

சாலையோரம் கோழிக்கடைக் கழிவைக் கொட்டுகிறார்கள். அங்கே தின்று கொழுக்கும் நாய்கள்தான் இரவில் பட்டிக்கு வருகின்றன. கழிவு கொட்டுகிறவர்கள் யார் என்று ஊருக்கே தெரியும். அதை எழுதினால் வேறு வம்பு. நாய் கடித்துச் செத்த ஆட்டுக்கு 6,000 ரூபாய் இழப்பீடு என்று 2025-ல் அரசு அறிவித்தது. வரவேற்கிறேன். ஆனால் ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய் அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல சினை ஆட்டைக் கேட்டுப் பாருங்கள். மேலும், சாகாமல் பிழைத்த ஆடுகள் மிரண்டு சினை கலைத்துவிடுகிற நட்டத்துக்கு எந்தக் கணக்கிலும் இடம் இல்லை.

வேலிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்கிறேன்: நாய் கடித்து உயிரோடு இருக்கிற ஆட்டை மஞ்சள் தடவிக் கட்டிப்போடாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் காயத்தைக் கழுவிவிட்டு, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி கடித்த அன்று தொடங்கி 3, 7, 14, 28 ஆம் நாட்களில் போட வேண்டும். கடிபட்ட ஆட்டை வெறும் கையால் தொட்டுத் தூக்கவும் கூடாது.

மின்வேலிக்கு முன்னால் எங்களுக்கு இருந்தது வேலிக்காத்தான் முள்ளும் வாசலில் ஒரு படலும். மாமனார் காலத்து ஏற்பாடு. ஆள் இருந்து வருஷா வருஷம் முள் வெட்டிப் போட்டால் அதற்கு நிகர் கிடையாது என்று இன்றைக்கும் சொல்வேன். இப்போது முள் வெட்ட ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கொடுத்து முடியாது. கரையான் அடித்து அடிப்பக்கம் உளுத்துப் போய்விடுகிறது. மேலே பார்த்தால் வேலி, கீழே பார்த்தால் நாய் போகிற வழி.

இடையில் மகள் இணையத்தில் சிவப்பு விளக்கு வாங்கி அனுப்பினாள். இரவு முழுவதும் கண் சிமிட்டுவது போல மின்னும் சோலார் விளக்கு, நான்கு விளக்கு ஒரு பெட்டி. அதை ஒரே பத்தியில் முடித்துவிடுகிறேன்: நாய்க்கு அது ஒன்றுமே இல்லை. தெருவிளக்கு, லாரி விளக்கு, கோயில் சீரியல் பல்பு என்று விளக்கிலேயே வளர்ந்த நாய் அதைப் பார்த்து ஏன் ஓட வேண்டும்? மகள் கால்நடை மருத்துவம் படிக்கிறவள். சிலி நாட்டில் இப்படிப்பட்ட விளக்கை வைத்து ஆராய்ந்தார்கள், பூமா என்கிற பெரிய பூனை விலகிப் போனது, அந்த ஊர் நரி விலகவில்லை, 2019-ல் கட்டுரை வந்திருக்கிறது என்று சொன்னாள். நாய் இனத்துக்கு ஆகாது, பூனை இனத்துக்கு ஆகலாம் என்று எடுத்துக்கொண்டு, விளக்கைக் காட்டுப்பக்கம் பார்த்த மூலையில் கட்டிவைத்திருக்கிறேன். இருக்கட்டும்.

இனி மின்வேலி. எங்களுடையது 12 வோல்ட் பேட்டரி, 40 வாட் சோலார் தகடு, மெஷின், அதனோடு ஒரு சைரன். நான்கும் சேர்த்து 18,000 ரூபாய். கம்பி, கல்கால், இன்சுலேட்டர், கூலி தனி. பட்டியின் சுற்றளவு சுமார் 200 மீட்டர். அதே இடத்துக்கு ஐந்தடி உயரத்தில் செயின் லிங்க் வலை போடக் கேட்ட விலை இதைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு வந்தது. அதனால்தான் இந்தப் பக்கம் வந்தோம்.

இதில் ஆபத்து இருக்கிறதா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. மோட்டார் கொட்டகையில் இருந்து மின்சாரத்தை நேராகக் கம்பிக்கு இழுத்துவிடுகிற வேலியும் இதுவும் ஒன்று அல்ல. அது 230 வோல்ட் இடைவிடாமல் பாய்வது. தொட்டவனைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கொல்லும், குற்றமும்கூட. பன்றிக்கு வைத்த அந்தக் கம்பியில் மனிதர் செத்த செய்தியைப் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். சோலார் மெஷினில் வோல்ட் 5,000-க்கு மேல் போனாலும், மின்சாரம் ஒரு விநாடிக்கு ஒரு முறை, கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரம் மட்டும் துடிப்பாகப் போகிறது. அடுத்த துடிப்பு வருவதற்குள் தொட்ட உயிர் விலகிக்கொள்ளலாம். நானும் தொட்டிருக்கிறேன். முழங்கை வரை சுண்டி இழுத்தது, வாயில் வரக்கூடாத வார்த்தை வந்தது, அவ்வளவுதான். வாங்கும்போது மெஷினில் தரச்சான்று குறிப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். உள்ளூரில் பெட்டிக்குள் எதையோ மாட்டித் தருகிற மெஷினும் விற்பனைக்கு இருக்கிறது.

பொருத்த வந்த தம்பி எட்டு வரிசைக் கம்பி கட்டத் தொடங்கினான். முதல் கம்பி தரையில் இருந்து ஓர் அடிக்கு மேலே. நான் நிறுத்தினேன்.

"அக்கா, இது யானையையே நிறுத்துகிற வேலி. நாய் எம்மாத்திரம்?" என்றான்.

"யானைக்குத் தும்பிக்கை எங்கே இருக்கிறது, நாய்க்கு மூக்கு எங்கே இருக்கிறது என்று பார்த்துக் கட்டு தம்பி" என்றேன்.

அவர்கள் எல்லா நிலத்துக்கும் ஒரே வரைபடத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். மாந்தோப்புக்கும் அதுதான், கரும்புக்கும் அதுதான், ஆட்டுப்பட்டிக்கும் அதுதான். நாய் வேலியைத் தாண்டிக் குதிப்பது அபூர்வம். முதலில் முகர்ந்து பார்க்கும், பிறகு கீழே நுழையப் பார்க்கும். ஈரமான மூக்கில் ஒருமுறை வாங்கினால் அது மறக்காது. உடம்பில் ரோமத்தின் மேல் பட்டால் பாதி உறைக்காது, அதற்குள் உள்ளே வந்துவிடும். ஆகவே கம்பி நெருக்கமாக இருக்க வேண்டிய இடம் அடிப்பக்கம். கடைசியில் எங்கள் விருப்பப்படி ஆறு வரிசை கட்டினோம்: 15, 30, 45, 60, 90, 120 சென்டிமீட்டரில். எட்டு வரிசைக்குப் பேசிய பணத்தை ஆறுக்குக் குறைத்துக்கொள்ள அவர்கள் முதலாளி ஒப்பவில்லை. மீதிக் கம்பியையாவது கொடுத்துவிட்டுப் போங்கள் என்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். பட்டியல் போட்ட பிறகு பேரம் கிடையாது என்பது அவர்கள் கொள்கையாம்.

எர்த் விஷயத்தில்தான் எனக்கு உண்மையான கோபம். ஒரே ஒரு கம்பியை மேட்டில், மெஷினுக்குப் பக்கத்தில், மூன்றடி ஆழத்துக்கு அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். தை மாதத்தில் எல்லாம் சரியாக இருந்தது, டெஸ்டரில் விளக்கு எரிந்தது. சித்திரையில் எங்கள் செம்மண் மேடு கல்லாகிவிடும். மின்சாரம் கம்பியில் இருந்து நாயின் உடம்பு வழியாக மண்ணுக்குள் இறங்கி, எர்த் கம்பி வழியாக மெஷினுக்குத் திரும்பினால்தான் சுற்று முடியும். மண்ணில் ஈரம் இல்லை என்றால் திரும்பி வர வழியே இல்லை. அக்னி நட்சத்திரத்தின்போது ஒரு நாய் கம்பியில் மூக்கை வைத்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல நின்றுகொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மெஷின் டக், டக் என்று அடித்துக்கொண்டுதான் இருந்தது.

நிறுவனத்துக்குப் போன் செய்தால், பேட்டரியை மாற்றிப் பாருங்கள் என்று பதில். பேட்டரி விலை தனி.

வீட்டுக்காரர் பேட்டரியைத் தொடவில்லை. மெஷினில் இருந்து நூறு மீட்டர் தள்ளி, மின்சாரம் ஓடும் வேலிக்கம்பியில் சில இரும்புக் கம்பிகளைச் சாய்த்து மண்ணில் பட வைத்து, வேலியில் வோல்ட் 2,000-க்குக் கீழே இறங்கும்படி செய்தார். பிறகு வந்து எர்த் கம்பியில் வோல்ட் பார்த்தார். அங்கே 300-க்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் எர்த் போதவில்லை என்று அர்த்தம். எங்களுடையதில் அதைப்போலப் பல மடங்கு இருந்தது. மின்வேலிக்கான வோல்ட் டெஸ்டர் கையில் இருக்கிற யாரும் இதைச் செய்து பார்க்கலாம், இரும்புக் கம்பியைச் சாய்க்கும்போது மட்டும் மெஷினை நிறுத்திவிடுங்கள்.

வேலூர் லாங்கு பஜாரில் ஆறடி ஜி.ஐ. கம்பி மூன்று வாங்கி வந்தோம். மேட்டை விட்டுவிட்டு, ஆடு தண்ணீர் குடிக்கும் தொட்டி வழிந்து ஓடுகிற தென்னம்பாத்திப் பக்கம் பத்தடிக்கு ஒன்றாக இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு, மூன்றையும் ஒரே கம்பியால் இணைத்தோம். அதோடு வேலியின் ஆறு வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்றை எர்த்தோடு சேர்த்துவிட்டார். இரண்டு கம்பிக்கு நடுவே மூக்கை நுழைக்கிற நாய் இரண்டையும் தொடும். மண் காய்ந்திருந்தாலும் சுற்று முடிந்துவிடும். வறண்ட நிலத்துக்கு இப்படித்தான் கட்ட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பாலபாடம். வேலூர் வெயிலில் தொழில் செய்கிறவர்களுக்கு அதை நாங்கள் சொல்லித்தர வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு நாய்கள் வேலியோரம் பாதையையே மாற்றிக்கொண்டன. இப்போது சாலைப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகின்றன.

வேலிக்குள் இருக்கிற ஆடுகள் எப்படி எடுத்துக்கொண்டன என்று கேட்பீர்கள். நம் ஊர்ச் செம்மறிக்குக் கம்பளி கிடையாது, எங்களிடம் இருக்கிற சென்னைச் சிவப்பு இனத்துக்கும் வெறும் முடிதான். அதனால் ஷாக் நன்றாகவே உறைக்கிறது, சீக்கிரம் கற்றுக்கொண்டன. வெள்ளாடு வேறு பிறவி. ஒரு கிடா தினமும் காலையில் போய்க் கம்பிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் முகத்தை வைத்து, மின்சாரம் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பதுபோல நிற்கும். மெஷினை அணைத்திருந்தால் அது அன்றைக்குப் பக்கத்துக் கொல்லையில் இருக்கும். பால்குடிக் குட்டிகளை மட்டும் இரவில் பஞ்சாரத்தில் மூடித்தான் வைக்கிறேன். அடிக்கம்பியில் முட்டி மிரண்டால் தாயைக் கண்டுபிடிக்கத் திணறும். கம்பிக்குப் பதிலாக மின்சார வலை என்று ஒன்றும் விற்கிறார்கள். கொம்பு உள்ள ஆடு வைத்திருப்பவர்கள் அதன் பக்கம் போக வேண்டாம். கொம்பு சிக்கினால் துடிப்பு துடிப்பாக அடி வாங்கிக்கொண்டே கிடக்கும்.

மழைக்காலம் வேறு பாடம். ஐப்பசியில் புல் ஒரே வாரத்தில் அடிக்கம்பியைத் தொட்டுவிடுகிறது. ஈரப்புல் தொட்ட இடமெல்லாம் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும், வோல்ட் இறங்கும், சைரன் கத்தும். நள்ளிரவில் சைரன் கத்தினால் நாயா, புல்லா, கிளை விழுந்ததா, ஓணான் ஏறியதா என்று தெரியாது. டார்ச் எடுத்துக்கொண்டு சுற்றிவர வேண்டும். மாமியார் இதைப் பார்த்துவிட்டு, "முள்வேலி ராத்திரியில் யாரையும் எழுப்பியது இல்லை" என்றார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பிறகு அடிப்பக்கத்தில் மின்சாரம் ஓடுகிற கம்பி இரண்டுக்கும் தனி சுவிட்ச் வைத்தோம். அடைமழை நாட்களில் அவற்றை மட்டும் அணைத்துவிட்டு, மழை விட்டவுடன் புல்லை அறுத்துவிட்டு மறுபடி சுவிட்சைப் போடுகிறேன். அறுத்த புல் ஆட்டுக்கே ஆகிறது. வெள்ளை பிளாஸ்டிக் இன்சுலேட்டர்கள் ஒரே கோடையில் வெடித்துவிட்டன. கறுப்பு நிறத்தில், வெயில் தாங்குவது என்று கேட்டு வாங்குங்கள்.

நிறுவனம் சொல்லாமல் விட்ட இன்னொன்று, பதிவு. தமிழ்நாட்டில் மின்வேலிகளுக்கென்று 2023-ல் விதிகள் வந்துவிட்டன. காப்புக்காட்டின் எல்லையில் இருந்து 5 கிலோமீட்டருக்குள் நிலம் இருந்தால் வனத்துறையிடம் பதிவு செய்துவிட்டுத்தான் போட வேண்டும். அமிர்தி, ஒடுகத்தூர், பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் மலையோரத்தில் இருக்கிறவர்களில் பலர் இந்த எல்லைக்குள் வருவார்கள். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் ஆந்திரக் காட்டில் இருந்து யானை வேறு வந்துபோகும். அங்கே முறையில்லாமல் கம்பி கட்டி ஏதாவது நடந்தால் விளைவு பட்டியோடு நிற்காது. எங்களுக்கு விதி இருப்பதே கால்நடை மருத்துவமனையில் பேச்சுவாக்கில் தெரிந்தது. விற்றவர்களைக் கேட்டபோது, "அதெல்லாம் பெரிய தோட்டத்துக்கு அக்கா" என்றார்கள். அப்படி எதுவும் விதியில் இல்லை.

சிறுத்தைக்கு இந்த வேலி ஆகுமா? நம்ப வேண்டாம். நான்கடி கம்பி அதற்குத் தடையே இல்லை. மரம், கல்கால், கூரை எதிலாவது ஏறி உள்ளே இறங்கிவிடும். அதற்கு வழி ஒன்றுதான்: இரவில் ஆடு நான்கு பக்கமும் மேலேயும் அடைத்த கொட்டகைக்குள் இருக்க வேண்டும். நாங்கள் கொட்டகையின் பக்கவாட்டில் இரண்டு அங்குலச் சதுர வெல்டு வலை அடித்து, கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியையும் அதே வலையால் மூடி, தென்னை ஓலை இருந்த இடத்தில் தகரம் போட்டோம். கதவின் அடியில் கருங்கல் பாவினோம். மின்வேலி வெளிச்சுற்று, கொட்டகை உள்சுற்று. ஒருவேளை சிறுத்தை அடித்துவிட்டால் உடலைப் புதைக்காமல், இடத்தைக் கலைக்காமல், வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். தடம் இருந்தால்தான் அவர்களாலும் எதையாவது எழுத முடியும்.

பணத்தைப் பற்றி ஒரு பேச்சு. பத்து ஆட்டுக்குக் கீழே வைத்திருப்பவர்கள் மின்வேலியை வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. அந்தப் பணத்தில் வெல்டு வலை வாங்கி, கொட்டகையை ஒழுங்காக அடைத்து, கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் போடுங்கள். இரவில் ஆட்டைத் திறந்த பட்டியில் அடைப்பவர்கள், கிடை போடுகிறவர்கள், முப்பது நாற்பது என்று வைத்திருப்பவர்கள் வாங்கலாம். மெஷின் மட்டும் தரமானதாகப் பார்த்து வாங்கிக்கொண்டு, கம்பி கட்டுகிற வேலையை ஊரில் வயரிங் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே செய்யலாம். பேசும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: அடிக்கம்பி எத்தனை சென்டிமீட்டரில், எர்த் கம்பி எத்தனை, எங்கே. பதில் சொல்லத் தடுமாறினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

மெஷினுக்கு ஐந்துக்கு நான்கு. சைரனுக்கு இரண்டு. பொருத்திய வேலைக்கு ஒன்று, அதுவும் கல்காலை நேராக நட்டதற்காக. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடச் சொல்லிப் போன மாதம் மறுபடியும் அதே தம்பி வந்தான். தென்னம்பாத்தியில் இருந்த எர்த் கம்பிகளைப் பார்த்துவிட்டு, செல்போனில் படம் எடுத்துக்கொண்டான். ஒப்பந்தம் போடவில்லை, மோர் கொடுத்து அனுப்பினேன்.